சிரிப்பைப் பகிர்ந்து கொடுக்கும் நடிகன்

நகைச்சுவை நடிகன் ஒருவன் முதன்முறையாக இயக்குநராகும்போது வெறுங்கையோடு வருவதில்லை. எந்தச் சொல்லில் நிறுத்தினால் சபை சிரிக்கும், எவ்வளவு நேரம் பொறுத்து அடுத்த வசனத்தை எடுத்தால் அந்தச் சிரிப்பு மடியாது என்பதை மேடை அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கும். நடிக்காத இயக்குநர் படத்தொகுப்பு மேசையில் தேடிப் பிடிக்கிற கால அளவு அவனுடைய மூச்சிலேயே இருக்கிறது. திருகோணமலையில் நகைச்சுவைக் குறும்படம் எடுக்க நினைக்கும் நடிகனுக்கு எழுத்து, நடிப்பு, இயக்கம் மூன்றையும் தானே ஏற்றுக்கொள்ளத் தோன்றுவது இதனால்தான். அந்தப் பலம் மெய்யானது. ஆனால் முதற்படத்தில் அது நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு: சிரிப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் மற்ற நடிகர்களுக்கும் அவன் பகிர வேண்டும்.

சோ ராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’ இதற்கு நல்ல சான்று. 1968இல் மேடை நாடகமாக வந்து, 1971இல் அவர் இயக்கிய முதற்படமானது அது. துக்ளக் என்று சொல்லிக்கொண்டு வருபவன் இந்தியப் பிரதமராகி, ஆதரவு தேடிக் கட்சி மாறி வருகிறவர்களையெல்லாம் உபபிரதமராக்குகிறான். அந்த அரசியல் கிண்டல் இன்றும் கூர் மழுங்கவில்லை. இருந்தும், பல காட்சிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இழப்பதற்கு அதிகமில்லை. கமரா நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் அமர்ந்த ரசிகரைப் போல வசனம் முடியும்வரை காத்திருக்கிறது. நாடகத்தில் சபையின் சிரிப்பு நடிகருக்கு உடனே திரும்பி வரும். படப்பிடிப்பில் அது வராது. ஆகவே எதிரில் நிற்பவரின் முகம்தான் சபையாக வேண்டும். தன் வசனத்தை நம்பும் நடிகர் இயக்கும்போது அந்த எதிர்முகம்தான் முதலில் புறக்கணிக்கப்படுகிறது.

எங்கள் நாட்டில் இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் உண்டு. இலங்கை வானொலியில் புகழ்பெற்ற ‘கோமாளிகளின் கும்மாளம்’ 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமானபோது, அதை எழுதி மரைக்காராகவும் நடித்த எஸ். ராம்தாஸ் இயக்கத்தைத் தன் கையில் எடுக்கவில்லை. எஸ். இராமநாதனே இயக்கினார். அதைவிட முக்கியமானது, எழுத்திலேயே சிரிப்பு நாலு பேருக்குப் பிரிக்கப்பட்டிருந்தது. முஸ்லிம் வழக்கில் பேசும் மரைக்காராக முஸ்லிம் அல்லாத ராம்தாஸ், ஐயராக பி.எச். அப்துல் ஹமீட், சிங்கள வாடையோடு தமிழ் பேசும் உபாலியாக எஸ். செல்வசேகரன், யாழ்ப்பாணத்து அப்புத்துரையாக ரி. ராஜகோபால். இன்னொருவரின் பேச்சைத் தன் நாவில் ஏற்றிய பாத்திரங்கள்தான் இங்கே அதிகம். எந்தப் பேச்சும் ‘சரியான தமிழ்’ என்ற பீடத்தில் ஏறி மற்றதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வானொலியில் பிறந்த படைப்பு என்பதால் காதையே பெரிதும் நம்பியது என்ற குறை அதற்கும் பொருந்தும்தான். ஆனாலும் திருகோணமலைக்கு இது மிக நெருக்கமான பாடம். உட்துறைமுக வீதியிலிருந்து கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போய் வருவதற்குள் எத்தனை விதமாய்ப் பேசுகிற மனிதரைக் கேட்கிறோம்! தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் விலை பேசுகிற மாவட்டம் இது. நடிகனுக்கு மிக எளிதாகக் கிடைக்கும் சிரிப்பு, அடுத்த சமூகத்தின் பேச்சைப் பாவனை செய்வது. பாவனை கேலியாக மாறும் இடத்தில் அவனைத் தடுக்க வேண்டியவர் இயக்குநர். இருவரும் ஒருவரேயானால், கைதட்டல் கேட்டுப் பழகிய நடிகனே பெரும்பாலும் வெல்வான். போரின் காயம் ஆறாத ஊரில் அந்த வெற்றி யாருக்கும் நல்லதல்ல.

சாப்ளின் எல்லாவற்றையும் தானே செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார். ஆனால் 1914இல் கீஸ்டோன் நிறுவனத்துக்கு வந்த உடனே அல்ல. ஏறக்குறைய ஒரு டசின் குறும்படங்களில் பிறர் இயக்க நடித்த பிறகே இயக்கத் தொடங்கினார். அந்த ஒரே ஆண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களில் தோன்றினார். பின்னாளில், 1931இல் வெளிவந்த ‘சிட்டி லைட்ஸ்’ படத்தின் பூக்காரிக் காட்சியை நூற்றுக்கணக்கான தடவை எடுத்தார். தன்னைத் தானே பார்க்க அவர் கொடுத்த விலை நேரமும் படச்சுருளும். இன்று எடுத்ததை உடனே திரும்பப் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் திரும்பப் பார்க்கும் நடிகனின் கண் முதலில் தன் முகத்துக்குத்தான் போகும். பின்னால் நிற்பவர் சிரிப்பைத் தவறவிட்டதை அது கவனிக்காது.

பணமில்லை, ஆளில்லை, அதனால்தான் ஒருவரே எல்லாம் செய்கிறோம் என்பதே வலுவான மறுப்பு. சிறு ஊர்க் குழுக்களின் இந்த நெருக்கடியை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆயினும் இங்கே தேவைப்படுவது சம்பளத்துக்கு ஓர் இயக்குநர் அல்ல. ‘பா.பாண்டி’யில் (2017) முதன்முறை இயக்கிய தனுஷ், நாயகன் பாத்திரத்தை ராஜ்கிரணிடம் கொடுத்து, அதே பாத்திரத்தின் இளமைக் காலத்தில் மட்டும் தோன்றினார். படத்தின் பெரும்பகுதியில் அவர் கமராவுக்குப் பின்னால் நிற்க முடிந்தது. எங்கள் நாடகக் குழுக்களுக்கும் இது எட்டாத வழியல்ல. முக்கிய வேடத்தைச் சக நடிகருக்குக் கொடுக்கலாம். அது முடியாவிட்டால், குழுவில் ஒருவரைத் திரைக்கு அருகே நிறுத்தி, “இது சிரிப்பாக இல்லை, திரும்ப எடுப்போம்” என்று சொல்லும் அதிகாரத்தைப் படப்பிடிப்பு தொடங்குமுன்னே அவருக்குக் கொடுத்துவிடலாம். பாவனை செய்யப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர் அந்த இடத்தில் நின்றால் இன்னும் நல்லது.