புல்நுனியில் ஓர் உலகு

சிறியதாதல் தமிழ் மரபில் பெரும்பாலும் ஆற்றலின் அடையாளமாகவே வந்துள்ளது. எண்வகைச் சித்திகளை எண்ணுவோர் அணிமாவையே முதலில் வைப்பர். இலங்கைக்குள் புகும் அனுமன் தன் உருவைச் சுருக்கிக்கொள்கிறான். குறளுருவாய் வந்த வாமனன் மூவடி மண் கேட்டு மூவுலகும் அளக்கிறான். வேண்டும்போது சுருங்கி வேண்டும்போது வளர வல்லவர்கள் இவர்கள். வேண்டாமலே சுருக்கப்பட்டவரின் கதை வேறு. அக்கதையைக் கையில் எடுத்துக்கொண்ட கணினி விளையாட்டு ‘கிரவுண்டட்’.

அமெரிக்காவின் ஒப்சிடியன் நிறுவனம் ஆக்கிய இது, 2020 ஜூலையில் முற்றுப்பெறாத வடிவில் வெளிவந்து, 2022 செப்டம்பரில் முழுமையுற்றது. பதின்ம வயதினர் நால்வர் எறும்பளவாக்கப்பட்டு ஒரு வீட்டுக் கொல்லையின் புல்வெளியில் விடப்படுகின்றனர். பசியும் தாகமும் இரவும் அவர்களைத் துரத்துகின்றன. தரையோடு தரையாய்க் கிடப்பதையும், தவறிழைத்த பிள்ளையை வெளியே விடாது வீட்டிலேயே நிறுத்தும் தண்டனையையும் அவ்வாங்கிலத் தலைப்பு ஒருங்கே சுட்டும். சிலேடையில் ஊறிய தமிழர் இதனை உடனே சுவைப்பர். சுருங்கிய பிள்ளைகள் கொல்லையில் அலைவது 1989இலேயே அமெரிக்கத் திரைப்படமொன்றில் வந்த கற்பனைதான். ஆயினும் திரையில் பார்த்தது இங்கே கைவேலையாகிவிடுகிறது.

புல்நுனி நீரை நம் நீதிநூல்கள் நிலையாமைக்கு உவமையாக்கின. இங்கு அதுவே குடிநீர். அண்ணாந்து பார்த்து, குறிபார்த்து, துளியைக் கீழே வீழ்த்தினால்தான் தாகம் தீரும். கூழாங்கல்லையும் குச்சியையும் நாரால் கட்டிக் கோடரி செய்தாலன்றிப் புல் சாயாது. சாய்ந்த புல் பலகையாகும். பலகையைத் தோளில் சுமந்தே குடிசை எழுப்ப வேண்டும். காலடியில் மிதிபடுவது காடாய் நிற்கும் இத்தொடக்க நேரங்களே இப்படைப்பின் சிறந்த பகுதி எனலாம்.

ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாயில் இதை ஆடும் இளைஞருக்கு அக்கொல்லை அயல்நிலமே. நடுவே நிற்பது ஓக் மரம். லாலாங் புல்லும் அட்டையும் அங்கில்லை. ஆனால் வெட்டுவதும் சுமப்பதும் அயலல்ல. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தலைமுறை அவ்வேலையை நன்கறியும். அன்று வெட்டிய பால் எடை போடப்பட்டு நிர்வாகத்தைச் சேர்ந்தது. குடியிருந்த லயமும் நிர்வாகத்துடையதே. இவ்விளையாட்டிலோ வெட்டியது வெட்டியவருக்கே. கங்காணி இல்லை, தராசு இல்லை, பிடித்தம் இல்லை. மணிக்கணக்காக இளைஞரை அதில் கட்டிப்போடுவது அச்சமன்று, தன் உழைப்பு முழுவதும் தன்னிடமே தங்கும் இன்பம்தான். பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடும் நம் திறனாய்வாளர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கலாம். உழைப்பின் களைப்பை மட்டும் இவ்விளையாட்டு அறியவில்லை. இங்கே களைப்பு என்பது சில நொடிகளில் மீண்டும் நிரம்பிவிடும் ஒரு கோடு.

அங்குள்ள உயிர்கள் தம் போக்கில் வாழ்வதும் பாராட்டத்தக்கது. கூடையில் வைத்த உணவை எறும்புகள் திருடிச் செல்கின்றன. இரவில் வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தியும் தீயதன்று, பசித்தது. (சிலந்திக்கு அஞ்சுவோர் அதன் கால்களைப் படிப்படியாகக் குறைத்து, வெறும் உருண்டையாக்கிக்கொள்ளவும் வழியுண்டு. இவ்வளவு இரக்கத்தை நம் பேய்க்கதை ஆசிரியர்கள் வாசகருக்குக் காட்டியதில்லை.)

குறை ஆய்வுப் பொறியில் தொடங்குகிறது. கண்டெடுத்ததை அதில் இட்டால், அதனால் என்ன செய்யலாம் என்பதை அது அறிவித்துவிடும். எறும்பின் உடற்பகுதி கவசமாகிறது. சிலந்தியின் இழை கயிறாகிறது. ‘இது என்ன?’ என்ற கேள்வி எழுமுன்னரே ‘இது எதற்கு?’ என்பதற்கு விடை வந்துவிடுகிறது. 2025 ஜூலையில் முன்னோட்ட வடிவில் வந்த இரண்டாம் பாகத்தில் எறும்பு ஏறிச்செல்லும் ஊர்தியாகவும் ஆகிவிட்டது. கருவிகள் பெருகப் பெருகச் சிலந்தி சில அடிகளில் வீழ்கிறது. உடல் எறும்பளவாகவே இருக்க, நோக்கு மட்டும் பழைய உயரத்துக்கு ஏறிவிடுகிறது. சிறுமையைப் பாடத் தொடங்கிய படைப்பு அதைக் கடந்து தப்புவதையே வெற்றியென்று எண்ணுகிறது.

உண்மையான சிற்றுலகு ஒன்று சிம்பாங் பூலாயின் எதிரிலேயே இருக்கிறது. கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளில் சில மில்லிமீட்டரே உள்ள நத்தைகள் வாழ்கின்றன. அவற்றுட் சில இனங்கள் ஒரே குன்றில் மட்டும் காணப்படுபவை. அக்குன்று போனால் அவையும் போகும். சிம்பாங் பூலாயிலோ குன்றுகள் கற்சுரங்கங்களாகி, சரிவுகள் வெள்ளை வெளேரெனத் தெரிகின்றன. வடக்கே செம்மோருக்கு அருகிலுள்ள குனோங் காந்தானில் கண்டறியப்பட்ட நத்தையினம் ஒன்றை 2014இல் விவரித்த ஆய்வாளர்கள், அக்குன்றில் கல் வெட்டிய சிமெந்து நிறுவனமான லஃபார்ஜின் பெயரையே அதற்கு இட்டனர். அந்நத்தையின் ஊழ் அந்நிறுவனத்தின் கையில் இருந்ததை அப்பெயர் நினைவூட்டுகிறது. அதே நத்தையை விளையாட்டின் ஆய்வுப் பொறியில் இட்டால், அதன் ஓட்டிலிருந்து கேடயம் செய்யும் முறை கிடைக்கக்கூடும்.