"இரும்பு இருப்பதால்": ஒரு வரி விடையும் ஒரு நீலப் படமும்

அண்மையில் என் கைக்கு வந்த அறிவியல் பயிற்றி ஒன்றில் இப்படி ஒரு கேள்வி: மனித இரத்தம் ஏன் சிவப்பாக இருக்கிறது? பின்பக்க விடைப்பட்டியில் ஒரே வரி: இரத்தத்தில் இரும்பு இருப்பதால். ஒரு புள்ளி. முடிஞ்சு போச்சு.

இந்த விடை தப்பு என்று சொல்லமாட்டேன். பாதி விடை. பாதியை முழுசு என்று பிள்ளைகளை நம்ப வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். எங்கள் செடெனாக்கில் தோட்டப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். காலுக்குக் கீழே செம்மண். அதன் நிறத்துக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு, துரு வகை. ஓரத்தில் லோரிக்காகக் காத்துக் கிடக்கிறது செம்பனைக் குலை. பழமும் சிவப்பு, பிழிந்ததும் வரும் எண்ணெயும் சிவப்பு. அதற்கு இரும்பு காரணமில்லை; கேரட்டில் இருக்கும் அதே கரோட்டின் நிறமி. குலையைத் தொடப்போய் முள் குத்தினால் விரலில் வருவது மூன்றாவது சிவப்பு. பார்வைக்கு எல்லாம் சிவப்புதான், காரணம் மட்டும் வேறு வேறு. "சிவப்பு என்றால் இரும்பு" என்று மனப்பாடம் செய்த பிள்ளை செம்பனைப் பழத்துக்கும் இரும்பு என்றுதான் எழுதும். என் வகுப்பில் எழுதியும் இருக்கிறது.

சரி, இரத்தத்தில் நடப்பது என்ன? ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு ஹீம். ஹீம் என்பது கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த பெரிய வளையம். அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. அந்த வளையத்தின் எலக்ட்ரான்கள் நீல, பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. மிஞ்சி நம் கண்ணுக்கு வருவது சிவப்பு. ஆக, நிறத்தில் பெரும்பங்கு வளையத்துக்கு. இரும்புக்கும் பங்கு உண்டு: உயிர்வளி அதில் ஒட்டினால் இரத்தம் பளிச்சென்ற சிவப்பு, விலகினால் அடர்சிவப்பு. ஏறக்குறைய இதே வளையத்தில் இரும்புக்குப் பதிலாக மக்னீசியம் உட்கார்ந்தால் அது இலையின் பச்சையம்! ஹீம் இல்லாமல் வெறும் இரும்பை வைத்தே உயிர்வளி சுமக்கும் கடற்புழுக்களும் உண்டு. அவற்றில் அந்தப் புரதம் உயிர்வளி சேர்ந்தால் ஊதா, சேராவிட்டால் நிறமே இல்லை. இரும்பு மட்டுமே காரணம் என்றால் அதுவும் சிவப்பாகத்தானே இருக்க வேண்டும்?

அடுத்தது படம். ஐந்தாம் ஆண்டில் இரத்த ஓட்டத்தைக் காட்டும்போது பாதி சிவப்பு, பாதி நீலம் என்று வண்ணம் தீட்டுகிறோம். அது அடையாளத்துக்காக என்று யாரும் சொல்வதில்லை. ஒருநாள் ஒரு பிள்ளை மணிக்கட்டைக் காட்டிக் கேட்டாள்: "டீச்சர், நான் கறுப்பா இருக்கேன்ல, எனக்கு நீல நரம்பே தெரியல. அப்ப எனக்கு அசுத்த ரத்தம் இல்லையா?" (நரம்பு வேறு, இரத்த நாளம் வேறு, அது தனிக் கதை.) மனிதர் யாருக்கும் நீல இரத்தம் கிடையாது. கிளினிக்கில் சிரை வழியாக எடுக்கும் இரத்தத்தைக் குழாயில் பாருங்கள், அடர்சிவப்பு. வெளிர்தோலுக்குள் ஒளி போய்ச் சிதறித் திரும்பும் விதத்தால்தான் நாளம் நீலமாகத் தோன்றுகிறது.

அந்த "அசுத்த" என்ற சொல்லையும் விட்டுவிடலாம். உயிர்வளி குறைந்த இரத்தம் என்று எழுதுங்கள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தில் உயிர்வளி ஏறக்குறைய முக்கால் பங்கு மிச்சம் இருக்கும். வயசுக்கு வந்த பெண்பிள்ளையிடம் வீட்டில் யாராவது "கெட்ட ரத்தம்" என்று சொல்லும்போது, நம் பாடக்குறிப்பும் அதற்கு ஒத்து ஊதக்கூடாது.

ஒரு வரி விடையால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்பவர்களுக்குத் தலசீமியாவைச் சொல்வேன். 2016-இல் நம் நாட்டில் படிவம் 4 மாணவர்களுக்கு இதற்கான இரத்தப் பரிசோதனை தொடங்கியது. இந்த நோயில் பழுது இரும்பில் இல்லை. ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலி போதிய அளவு உருவாவதில்லை. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு உடலில் இரும்பு கூடிப்போய், அதை வெளியேற்றவே மருந்து கொடுப்பார்கள். "முகம் வெளுத்திருக்கா? இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடு" என்பது நம் வீடுகளில் ரொம்பச் சாதாரணம். இரும்புதான் இரத்தம் என்று படித்த பிள்ளை அதை மறுத்துப் பேசாது. பரிசோதனை செய்துவிட்டு மாத்திரை எடுப்பதுதான் முறை.

தேர்வு எழுதுபவர்கள் புள்ளியை இழக்க வேண்டாம். விடைப்பட்டி தேடும் சொற்களை முதலிலேயே வைத்துவிடுங்கள்: "சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இரும்பைக் கொண்ட ஹீம் இருக்கிறது. ஹீம் நீல, பச்சை ஒளியை உறிஞ்சுவதால் இரத்தம் சிவப்பாகத் தெரிகிறது." இரண்டு வரிதான். ஆசிரியர்கள் நாளைக்கே செய்யக்கூடியது இன்னும் சின்னது: அந்தப் படத்துக்கு அடியில் "நீலம் அடையாளத்துக்கு மட்டும்" என்று பிள்ளைகளைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.