ஹாஸ்லிட்டின் வழித்துணை

இங்கிலீஷில் வியாசம் எழுதினவர்களில் நடப்பதைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. மழையும் குளிருமான அந்தத் தேசத்தில் நாலு நாள் வெயில் அடித்துவிட்டால் போதும், கையில் ஒரு தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் எழுதியும் விடுகிறார்கள். அவற்றில் முக்கால்வாசி படித்த மறுநாளே மறந்துபோகும். எனக்கு மறக்காமல் இருப்பது வில்லியம் ஹாஸ்லிட் 1822-ல் எழுதிய 'பிரயாணம் போவது பற்றி' என்ற வியாசம்.

இண்டர்மீடியட் வகுப்பில் அது எங்களுக்குப் பாடமாக இருந்தது. ஆசிரியர் நல்ல மனிதர். 'நாட்டுப்புறத்தில் நடக்கப் போகிறவன் தனியாகப் போகவேண்டும்' என்று அதன் கருத்தை ஒரே வாக்கியத்தில் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். பரீட்சையில் அந்த வாக்கியத்துக்கு மார்க்கும் கிடைத்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து இப்போது மறுபடியும் படித்துப் பார்த்தேன். வாத்தியாரும் நானும் ஏமாந்துவிட்டோம் என்றே தோன்றுகிறது.

ஆரம்பம் என்னவோ அப்படித்தான். நடப்பது, பேசுவது இரண்டும் ஒரே சமயத்தில் ஆகாது என்கிறார் ஹாஸ்லிட். அவரை வயலின் வாசனை வருகிறதே என்று சொன்னால் கூட வருகிறவருக்கு மூக்கு வேலை செய்யாது. தூரத்தில் எதையாவது காட்டினால் அவருக்குக் கிட்டப்பார்வையாக இருக்கும், கண்ணாடியைத் தேடவேண்டும். ஆப்த நண்பரான சார்லஸ் லாமைக்கூட அவர் விடவில்லை. வீட்டுக்குள் லாமைப் போலத் துணை கிடையாது, அதனாலேயே வெளியில் அவரைப் போல மோசமான துணையும் கிடையாது என்கிறார். நல்ல ஹாஸ்யம்தான். ஆனால் இந்த இடத்தில் பேனா சற்றுத் தயங்குகிறது. பழைய சிநேகிதர் ஒருவர் உண்டு, அவரால் நடக்கவும் முடியும், பேசவும் முடியும், மேட்டிலும் பள்ளத்திலும் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வருவார் என்கிறார். பெயரைச் சொல்லாமல் முதல் எழுத்தை மட்டும் போடுகிறார். அது கோல்ரிட்ஜ் என்று அன்றைய வாசகர்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம், 1823-ல், 'கவிகளோடு என் முதல் பழக்கம்' என்று இன்னொரு வியாசம் எழுதினார். முன்னதைத் திறக்கும் சாவி இதில் இருக்கிறது. ஹாஸ்லிட்டின் தகப்பனார் ஷ்ராப்ஷயரில் வெம் என்ற சிற்றூரில் யூனிடேரியன் சபைப் போதகர். பிள்ளையும் போதகராக வேண்டும் என்று 1793-ல் ஹாக்னி கல்லூரிக்கு அனுப்பினார். பிள்ளை இரண்டு வருஷத்தில் நம்பிக்கையைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பினான். தகப்பன் வேதப் புஸ்தகத்தோடும், மகன் தன் மௌனத்தோடும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். 1798 ஜனவரியில், பக்கத்து ஊரான ஷ்ரூஸ்பரியில் கோல்ரிட்ஜ் பிரசங்கம் செய்ய வருகிறார் என்று கேள்விப்பட்டு, பத்தொன்பது வயதுப் பையன் விடியுமுன்பே எழுந்து பத்து மைல் சேற்றில் நடந்துபோனான். நம்பிக்கை இல்லாதவன் சர்ச்சுக்குப் போக நடந்த பத்து மைல் அது.

அன்று கோல்ரிட்ஜ் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டது, இயேசு தாம் ஒருவராகவே மலைமேல் ஏறிப் போனதைச் சொல்லும் வசனம். அதன் கடைசியில் வரும் 'தனியே' என்ற சொல்லை அவர் உரக்க, நிறுத்தி, ஆழமாக உச்சரித்தது இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் ஹாஸ்லிட்டின் காதில் ஒலிக்கிறது. ஹாஸ்லிட் தனிமையைப் பற்றி எழுதியதையெல்லாம் படிக்கும்போது எனக்கு இந்த இடம் ஞாபகம் வந்துவிடுகிறது. தனியே என்ற வார்த்தையையே அவர் அந்தச் சிநேகிதரின் வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டார்.

அந்த வாரமே கோல்ரிட்ஜ் வெம்முக்கு வந்து தகப்பனாரோடு சாப்பிட்டார். மறுநாள் காலை ஒரு கடிதம் வந்தது. பீங்கான் பாத்திரத்துக்குப் பேர்போன வெட்ஜ்வுட் குடும்பத்தார் வருஷத்துக்கு 150 பவுன் தருகிறோம், பிரசங்க உத்தியோகம் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். ஜோட்டின் வாரைக் கட்டிக்கொண்டே கோல்ரிட்ஜ் சம்மதம் என்று தீர்மானித்துவிட்டாராம். ஒரு நாவலாசிரியன் எத்தனை யோசித்தாலும் இந்த ஜோடு கிடைக்காது. பையன் அவரோடு ஆறு மைல் வழியனுப்பப் போனான். வசந்த காலத்தில் நெதர் ஸ்டோவிக்குப் போய் மூன்று வாரம் தங்கினான், வோர்ட்ஸ்வொர்த்தைப் பார்த்தான், கடலோரமாக லின்டன் வரைக்கும் நடந்தான். கூட வந்த செஸ்டர் என்பவர், கோல்ரிட்ஜின் வார்த்தை ஒன்றுகூடத் தவறிவிடக்கூடாது என்று பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தாராம். இந்த நடையில் பேச்சு ஓயவே இல்லை. நடக்கும்போது பேச்சு கூடாது என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பிறகு வந்த பிளவுக்குப் பிரெஞ்சுப் புரட்சிதான் முக்கிய காரணம். ஹாஸ்லிட் கடைசிவரை அதன் பக்கம். கோல்ரிட்ஜோ இளமையில் அதைப் பாடிவிட்டுப் பிற்பாடு ராஜாவும் திருச்சபையும் இருந்த பக்கம் சேர்ந்துவிட்டார். 1816-ல் கோல்ரிட்ஜின் ஒரு புஸ்தகத்தை, அது வெளிவருவதற்கு முன்பே விளம்பரத்தை வைத்துக்கொண்டு ஹாஸ்லிட் தாக்கினார். இது அக்கிரமம்தான், அவரிடம் எனக்குள்ள பிரியத்தால் மறைக்கமாட்டேன். 1817-ல் 'எக்ஸாமினர்' பத்திரிகையில், அந்தச் சேற்று நடையையும் பிரசங்கத்தையும் முதல் தடவையாக எழுதினார். அப்படிப் பேசிய மனிதரா இன்று இப்படி எழுதுகிறார் என்று குற்றம்சாட்டத்தான் எழுதினார். ஆறு வருஷம் கழித்து, அந்தப் பகுதியைத்தான் அநேகமாக அப்படியே எடுத்து 1823 வியாசத்தில் வைத்தார். வார்த்தைகள் மாறவில்லை. ஆனால் அங்கே கத்தியாக இருந்தது இங்கே கண்ணீராக இருக்கிறது.

நானும் ஒரு சிநேகிதரும் காவிரிக் கரையில் பல வருஷம் மாலை மாலையாக நடந்திருக்கிறோம். அவர் நாவல் வெளிவந்தபோது நான் ஒரு பத்திரிகையில் விமரிசனம் எழுதினேன். நடக்கும்போது அவர் என்னிடம் மனம்விட்டுச் சொன்ன ஒன்றை அவர் நாவலுக்கு எதிராகவே அதில் உபயோகித்தேன். விமரிசனம் சரியானது என்று பலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு நடக்கவில்லை. இப்போது அவர் இல்லை. 1817-ன் அந்தப் பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

திரும்ப அந்த 1822 வியாசத்துக்கு வருகிறேன். அதில் குறைகள் உண்டு. அடுத்தவர் கவிதைகளை அள்ளி அள்ளிப் போடுகிறார். விடுதிச் சாப்பாட்டுப் பேச்சு நீளம். அந்த வருஷம்தான் மனைவியோடு விவாகரத்து ஆயிற்று. அதைப்பற்றி மூச்சே விடவில்லை. ஆனால் லாங்காலன் பள்ளத்தாக்கைப் பற்றிய பக்கம் இருக்கிறதே! 1798 ஏப்ரல் 10, தம்முடைய இருபதாவது பிறந்தநாளன்று, விடுதியில் குளிர்ந்த கோழிக்கறியும் ஷெர்ரியும் வைத்துக்கொண்டு ரூஸோவின் நாவலைப் படித்தார். அந்த இடத்துக்கு மறுபடி போனால் தனியாகத்தான் போவேன் என்கிறார். அன்றைய தன்னையே இன்று தன்னால் அடையாளம் காண முடியவில்லை, வேறு யாரை அழைத்துப் போவது என்பது அவர் காரணம். உடனே, அந்தக் கவி இப்போது எங்கே என்று கேட்கிறார். தனியாக நடப்பது சுகம் என்று வாதாடுகிறவன் கேட்கிற கேள்வியா இது?

அன்னிய தேசத்துக்கு மட்டும் துணை வேண்டும், நடுநடுவே தாய்பாஷை காதில் விழவேண்டும் என்கிறார். ஆனால் 1802-ல் கலேயில் இறங்கியபோது தனியாக இருந்தும் அந்தக் குறை தெரியவில்லையாம். துறைமுகத்துப் பழங்கப்பலில் மாலுமிகள் பாடியது அன்னியமாகவே படவில்லையாம். புரட்சியின் தேசம் அல்லவா? பிறகு அந்தக் கனவும் போயிற்று, பூர்பன் ராஜாக்கள்தான் மிச்சம் என்று அதே மூச்சில் சொல்கிறார்.

ஹாஸ்லிட் 1830-ல் லண்டனில் இறந்தபோது பக்கத்தில் இருந்தவர் வெளியில் நடக்க லாயக்கில்லாத அந்த லாம். கோல்ரிட்ஜ் அதே லண்டனை ஒட்டிய ஹைகேட்டில் இன்னும் நாலு வருஷம் இருந்தார்.

இரண்டு வியாசங்களையும் படிக்க நினைக்கிறவர்கள் பின்னால் எழுதப்பட்ட 1823 வியாசத்தை முதலில் படிக்கட்டும். வெம்மிலிருந்து போகும் அந்த ஆறு மைல் பாதையில் கோல்ரிட்ஜ் பேசிக்கொண்டே ஓரத்துக்கு ஓரம் மாறி மாறி நடக்கிறார்; பையன் அவருக்கு இடம்விட்டு ஒதுங்கி ஒதுங்கி வருகிறான்.