எங்க போவணும்? – ஆற்றுப்படையும் ஒரு ரோடு புக்கும்

14.35 கிலோமீட்டரில் ஒரு வேப்பமரம் இருக்க வேண்டும். அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். என் மடியில் இருந்த ரோடு புக்கில் அப்படித்தான் போட்டிருந்தது. மீட்டர் 14.6க்கு வந்துவிட்டது. மரத்தைக் காணோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்துப் பக்கம் ஓர் ஏரிக்கரை. ஞாயிற்றுக்கிழமை காலை. நண்பனின் பழைய ஜிப்ஸி. அவன் ஓட்டுகிறான், நான் வழி சொல்கிறேன். அமெச்சூர்கள் சேர்ந்து நடத்திய ஒருநாள் ராலி அது. திங்கள் முதல் வெள்ளி வரை ஓ.எம்.ஆரில் கணினி முன் உட்கார்ந்திருக்கிற ஆட்கள்தான் முக்கால்வாசி. நானும் அதில் ஒருவன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன்.

"ஆயா, இங்க ஒரு வேப்பமரம் இருக்கணுமே?"

"இருந்துச்சு. போன வாரம் வெட்டிட்டானுங்க. எங்க போவணும் நீங்க?"

வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை. எங்கே போக வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது.

"தெரியல ஆயா."

மேலும் கீழும் பார்த்தார். "போற எடம் தெரியாம வழி கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

நண்பன் ஹாரன் அடித்தான். அதற்குள் அவரே கையை நீட்டினார். "உங்கள மாரி வண்டிங்க காலையிலேர்ந்து அப்படித்தான் போவுது." வெட்டிய அடிமரத்தை ஒட்டி டயர் தடங்கள் இறங்கியிருந்தன. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். நன்றி சொன்னதாக நினைவில்லை.

*

ரோடு புக்கைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டம். முதலில் தூரம்: தொடக்கத்திலிருந்து எவ்வளவு, போன திருப்பத்திலிருந்து எவ்வளவு. நடுவில் ஒரு குட்டிப் படம்: கீழே ஒரு புள்ளி, அது நீங்கள், மேலே ஒரு அம்பு, அது நீங்கள் போக வேண்டிய பாதை. மூன்றாவதில் குறிப்பு: பாலம், மரம், கோயில், பள்ளம். அந்தக் குட்டிப் படத்துக்கு டூலிப் என்று பெயர். நெதர்லாந்தில் 1949இல் தொடங்கிய டூலிப் ராலி வழியாக வந்த பெயர். 2024 டக்கார் ராலியில் ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தாரே, அவர் பாலைவனத்தில் படித்ததும் அடிப்படையில் இதே மொழியைத்தான்.

எங்கள் போட்டியில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. இந்தப் பகுதியில் சராசரி மணிக்கு 32 கிலோமீட்டர் என்று கொடுத்துவிடுவார்கள். வழியில் எங்கேயோ ஒளிந்திருக்கும் சோதனைச் சாவடியைச் சரியான நொடியில் கடக்க வேண்டும். தாமதமானால் நொடிக்கு ஒரு புள்ளி அபராதம். முன்னாலேயே போனால் நொடிக்கு இரண்டு. வண்டியில் பெரிய டயர் போட்டிருந்ததால் எங்கள் மீட்டர் குறைவாகக் காட்டியது. அதைச் சரிசெய்ய முந்தின இரவு போனில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். மரத்தை வெட்டிவிட்டால் என்ன செய்வது என்று அந்த நிரலில் இல்லை.

முடிவிடம் எங்கே என்று ரோடு புக் கடைசிப் பக்கம் வரை சொல்லாது. அடுத்த திருப்பம் தெரிந்தால் போதும். ஊர்ப் பெயர்கூட அதில் தேவையில்லை. மனிதர்கள் ஓர் இடத்தில்தான் வருகிறார்கள், ஆச்சரியக்குறியாக. ஒரு குறி என்றால் கவனம், மூன்று என்றால் ஆபத்து. எங்கள் புத்தகத்தில் ஒரு வரி: "!! ரோட்டில் நெல் காயும்."

*

ஆற்றுப்படை நூல்களைச் 'சங்ககாலத்து கூகுள் மேப்' என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையில் வாடும் இன்னொரு கலைஞனுக்கு வள்ளலிடம் போகும் வழியைச் சொல்கிறான். ஆகவே அது வழிகாட்டி. கல்லூரியில் நானே இப்படிச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ராலி முடிந்த வாரம் பெரும்பாணாற்றுப்படையை மறுபடி எடுத்துப் படித்தேன். காரணம் எளிது. அது காஞ்சிக்கு வழி சொல்லும் நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது, 500 அடி. நான் வழி தவறியதும் அதே தொண்டை மண்டலத்தில்தான்.

ரோடு புக்கைப் படிக்கிற கண்ணோடு படித்தேன். 500 அடியில் இடது, வலது என்று வண்டி ஓட்ட உதவும் குறிப்பு ஒன்றுகூட எனக்குத் தட்டுப்படவில்லை. இத்தனை காதம் என்ற கணக்கும் இல்லை. பாதையோ பாலையிலிருந்து முல்லை, மருதம், நெய்தல் என்று திணை திணையாகப் போகிறது. கப்பல்கள் நிற்கும் நீர்ப்பெயற்று என்ற கடற்கரை ஊர் வந்தபிறகுதான் திருவெஃகாவும் காஞ்சியும் வருகின்றன. நீர்ப்பெயற்று மாமல்லபுரம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியானால் பசித்த பாணன் கடலைப் பார்த்துவிட்டு 60 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டுக்குத் திரும்ப வேண்டும். இதை நம்பி வண்டி எடுத்தால் ஊர் போய்ச் சேரமாட்டோம்.

உரையாசிரியர்களுக்கும் இது தெரிந்திருக்கும் என்றுதான் படுகிறது. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் ஓர் அடியை எடுத்து வேறெங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வார். 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறைமலையடிகள் இதைக் கடுமையாகவே கண்டித்தார். நான் அடிகள் கட்சி. ஆனால் ஒன்று: ரோடு புக்கில் ஒரு வரியை இடம் மாற்றினால் வண்டி ஏரிக்குள் இறங்கும். ஆற்றுப்படையில் மாற்றினால் உரை மாறும், பாணன் பட்டினி கிடக்க மாட்டான்.

ஏனென்றால் அந்த நூலில் வழி என்பது ஆட்களின் வரிசை. எயினர் வீட்டுக்குப் போனால் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும் கிடைக்கும். ஆயரிடம் பால். உழவர் வீட்டில் வெண்சோறும் கோழியும். அந்தணர் வீட்டில் மாதுளங்காயும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த சமையல், மாவடு. யாரைப் பார், என்ன கிடைக்கும் என்பதுதான் ஒவ்வொரு கட்டமும். திரும்பிய பாணன் கொடுப்பது வரைபடம் இல்லை, தொடர்புப் பட்டியல். ஆயா என்னிடம் கேட்ட கேள்விக்கான விடையோடுதான் அவன் பேச்சைத் தொடங்குகிறான்: திரையனிடம் போ. இடம் தெரிந்தால் போதும், வழியை வழியிலிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. எனக்கு எல்லாத் திருப்பமும் தெரிந்திருந்தது, இடம் தெரியவில்லை. அதனால் எனக்கு உதவ அவரால் ஏறக்குறைய முடியாமல் போனது.

*

இத்தோடு நிறுத்தினால் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்ற பழைய பாட்டாகிவிடும். பெரும்பாணாற்றுப்படை ஒரு விளம்பரமும்கூட. திரையன் நாட்டில் வழிப்பறி கிடையாது, இடி விழாது, பாம்பு கடிக்காது, காட்டு விலங்கும் தீண்டாது என்று தொடக்கத்திலேயே உறுதி கொடுக்கிறது. சுற்றுலாத் துறைக் கையேடுகூட இவ்வளவு துணியாது.

கொஞ்ச தூரம் போனதும் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் வருகின்றன. சுங்கம் வாங்கும் பெருவழி, அதில் பாதை பிரியும் இடங்களில் வில்லோடு காவல். கள்வனே இல்லாத நாட்டில் கவர்வழிக்கு வில் எதற்கு? புரவலனுக்குச் சொன்ன வாக்கைப் புலவரின் கண்ணே காட்டிக்கொடுக்கிறது.

எயினர் குடிசையில் இது இன்னும் கூர்மை. பிள்ளை பெற்றவள் குழந்தையோடு மான்தோலில் சுருண்டு கிடக்கிறாள். மற்றப் பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். நில உரலில் குற்றுகிறார்கள். ஊறிய உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பானையில் உலை வைக்கிறார்கள். அந்தச் சோற்றைத்தான் பாணனுக்குத் தருவார்களாம். வளமான நாட்டைக் காட்ட வந்தவருக்கு உடைந்த பானை எதற்கு? 'எயினர் சோறு தருவர்' என்று ஒரே அடியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. மன்னனுக்குத் தேவைப்பட்டதைவிட அதிகமாகப் பார்த்துவிட்டார் உருத்திரங்கண்ணனார். அந்த அதிகம்தான் இதைக் கையேட்டிலிருந்து பிரித்து இலக்கியமாக்குகிறது. நெய் விற்ற விலைக்குப் பொன் வாங்காமல் எருமையும் பசுவும் வாங்கும் ஆய்மகளும் அந்தக் கண்ணில் பட்டவள்தான்.

ஆனாலும் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. அந்தச் சோற்றைப் பாணன் சாப்பிட்டுவிட்டால் பிள்ளை பெற்றவள் எதைச் சாப்பிடுவாள் என்று நூல் கேட்கவில்லை. வழிநெடுக இருப்பவர்கள் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் பாணனிடம் எதுவும் கேட்பதில்லை. எங்கள் ரோடு புக்கில் நெல் ஓர் ஆச்சரியக்குறி. உருத்திரங்கண்ணனாரிடம் அது காயவைத்த கையோடு சேர்ந்து வந்திருக்கும். இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. இரண்டிலும் வழிப்போக்கன்தான் நடுவில் நிற்கிறான் என்பதும் உண்மை.

*

உண்மையான ரோடு புக் வேண்டுமென்றால் மலைபடுகடாத்தைப் படிக்க வேண்டும். செங்கண்மா நன்னனிடம் கூத்தர்களை அனுப்பும் 583 அடி நூல். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், பகலில் போங்கள். வழுக்கும் பாறையில் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். யானையை விரட்டக் கவண்கல் வரும், மரத்தின் பின்னால் மறைந்துகொள்ளுங்கள். மூன்று ஆச்சரியக்குறி போட வேண்டிய இடங்கள் வரிசையாக வருகின்றன. ஆற்றுப்படைகளில் எனக்கு இப்போது மிகவும் பிடித்தது இதுதான். அபாயத்தை மறைக்காத நூல்.

அதில் ஓர் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். வழி பிரியும் இடம் வந்தால், மண்ணைத் தடவிச் சரிசெய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார் பெருங்கௌசிகனார். உங்களைப் போலவே வழி தெரியாத புதியவர்கள் பின்னால் வருவார்களே, அவர்களுக்காக.

எங்கள் பின்னால் இரண்டு நிமிட இடைவெளியில் அடுத்த வண்டி வந்துகொண்டிருந்தது. மரம் இல்லை என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டேன். "விடுறா, அவன் பாத்துக்குவான்" என்றான் நண்பன். நானும் சரி என்றுவிட்டேன். அவர்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு நேரத்தைத் தொலைத்ததாக மதியச் சாப்பாட்டில் சொன்னபோது, அபராதக் கணக்கு எங்களுக்குச் சாதகம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. எங்களுக்கு வழிகாட்டிய டயர் தடம் யாரும் யாருக்காகவும் வைத்ததில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, பைக்கில் தனியாக முசரவாக்கம் போனேன். இந்தமுறை போகும் இடம் தெரியும். ஏரிக்கரையில் அடிமரம் துளிர்த்திருந்தது. ஆடுகள் இல்லை. ஊருக்குள் திரும்பினேன். சைக்கிளில் வந்த ஒரு பையன் காலை ஊன்றி நின்றான்.

"யாரப் பாக்கணும்ணா?"

பெயர் தெரியாது, ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பார்கள், வயசானவங்க என்றேன். எதற்கு என்று கேட்டான். வழி சொன்னாங்க, நன்றி சொல்லணும் என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"அவங்களா, வாங்க" என்று சைக்கிளைத் திருப்பினான்.