எந்தக் கலோரி?

பழைய இயற்பியல் அட்டவணைகளில் செம்பின் தன்வெப்பம் 0.092. இன்றைய பாடநூலில் அதே செம்புக்கு 385. முதல் எண், ஒரு கிராம் செம்பு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற எத்தனை கலோரி வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது, ஒரு கிலோகிராம் செம்பு ஒரு கெல்வின் சூடேற எத்தனை ஜூல் வேண்டும் என்று சொல்கிறது. இரண்டையும் இணைக்க வகுப்பில் சொல்லித்தரப்படுவது ‘4200ஆல் பெருக்கு’ என்ற ஒரே வரி. பெரும்பாலான கணக்குகளுக்கு அந்த வரி போதும். எங்கே போதாது என்பதுதான் சொல்லப்படாமல் விடுபடுகிறது.

கலோரியை வெறும் பழைய வழக்கம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அது நீரை 1 என்று வைத்துக்கொண்டு மற்ற பொருள்களை அளக்கிறது. பனிக்கட்டி 0.5, அலுமினியம் 0.21, இரும்பு 0.11, ஈயம் 0.03 என்று படித்தவுடனேயே, நீரோடு ஒப்பிட்டால் ஈயம் எவ்வளவு எளிதில் சூடேறிவிடும் என்பது மனத்தில் பதிகிறது. 4180, 2090, 897, 449, 129 என்ற வரிசையில் அந்தத் தெளிவு கிடைப்பதில்லை. ஆய்வகத்தில் 100 கிராம் செம்புக் கலோரிமானியை 9.2 கிராம் நீராகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ‘நீர்ச்சமானம்’ என்ற சொல் இதற்காகவே பிறந்தது. 1819இல் டூலோங்கும் பெட்டியும் கண்ட விதியும் கலோரியில்தான் எளிதாக நினைவில் நிற்கிறது: திண்ம உலோகம் ஒன்றின் அணு எடையைத் தன்வெப்பத்தால் பெருக்கினால் விடை 6ஐ ஒட்டி வரும். இரும்புக்கு 55.85ஐ 0.107ஆல் பெருக்கிப் பார்த்தாலே தெரியும்.

இந்த அழகின் அடியிலேயே ஒரு விரிசலும் இருக்கிறது. அளவுகோலாக நிற்கும் நீர் எல்லா வெப்பநிலையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஜேம்ஸ் ஜூல் துடுப்புச் சக்கரத்தால் நீரைக் கலக்கிச் சூடேற்றி, 1850இல் வெளியிட்ட எண்ணை இன்றைய அலகில் எழுதினால் ஒரு கலோரிக்கு ஏறத்தாழ 4.15 ஜூல். பால்டிமோரில் ஹென்றி ரோலண்ட் அதே சோதனையை இன்னும் நுட்பமாகச் செய்தார். நீரின் தன்வெப்பம் வெப்பநிலை ஏற ஏறச் சற்றுக் குறைந்து, பிறகு மறுபடி கூடுகிறது என்பதை 1879இல் அவர் வெளியிட்ட முடிவுகள் காட்டின. 0 டிகிரியில் 4.217, 35 டிகிரி அளவில் 4.178, 100 டிகிரியில் 4.216 என்பவை இன்று ஏற்கப்பட்ட மதிப்புகள்.

ஆக, ‘ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்றும் வெப்பம்’ என்று சொன்னால், எந்த டிகிரியில் என்ற கேள்வி உடனே எழுகிறது. அதற்குக் கிடைத்த ஒவ்வொரு விடையும் ஒரு தனிக் கலோரி ஆனது. 15 டிகிரிக் கலோரி 4.1855 ஜூல், 20 டிகிரிக் கலோரி 4.182. நீரையே கைவிட்டு வேதியியலார் வரையறுத்துக்கொண்டது 4.184. நீராவி அட்டவணைகளுக்காக 1956இல் லண்டன் மாநாடு வகுத்தது 4.1868. நீரின் தன்வெப்பமாக 4180, 4186, 4200 என மூன்று எண்களும் நூல்களில் உலவுவதால் எது சரி என்று மாணவர் தடுமாறுகிறார். அவர் மேல் தவறில்லை. ஒன்று அறை வெப்பநிலை மதிப்பு, ஒன்று 15 டிகிரிக் கலோரியிலிருந்து வந்தது, ஒன்று முழுமையாக்கப்பட்டது. இதை எடுத்துச் சொல்ல ஒரு வரி போதும்.

வேதியியலார் கலோரிக்கும் நீராவி அட்டவணைக் கலோரிக்கும் உள்ள வேறுபாடு 0.07 சதவீதம்தான். குளியலறை ஹீட்டருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. சமையல் எரிவாயுவில் இருக்கும் நார்மல் பியூட்டேனையும் ஐசோபியூட்டேனையும் எடுத்துக்கொண்டால் கதை வேறு. ஒரு மோலை எரித்தால் இரண்டும் 2870 கிலோஜூலை ஒட்டி வெப்பம் தருகின்றன. இடைவெளி சுமார் 8 கிலோஜூல். ஒன்றை 4.184ஆலும் மற்றதை 4.1868ஆலும் மாற்றிவிட்டால் ஏறத்தாழ 2 கிலோஜூல் பிழை நுழைகிறது. மூலத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை, வித்தியாசத்தில் கால்பங்கைத் தின்றுவிடுகிறது!

கலோரியில் இன்னொரு குழப்பமும் உண்டு: உணவுப் பொட்டலத்தின் கலோரி, உண்மையில் கிலோகலோரி. தன்வெப்பத்தில் மட்டும் இந்தக் குழப்பத்திலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. கிலோகிராமுக்குக் கிலோகலோரி, கிராமுக்குக் கலோரி இரண்டும் ஒரே எண்தான். மேலும் கீழும் ஆயிரம் வெட்டுப்படுகிறது. பவுண்டும் பாரன்ஹீட்டும் கொண்ட பிரிட்டிஷ் வெப்ப அலகிலும் அதே எண் வரும். டிகிரி செல்சியஸைக் கெல்வினாக்கும்போதும் எதையும் கூட்ட வேண்டியதில்லை, இங்கே பேசப்படுவது வெப்பநிலை உயர்வு. ஆனாலும் 273ஐக் கூட்டிவிட்டுத் திகைக்கும் விடைத்தாள்கள் குறைவதில்லை.

ஜூலின் பலம் வேறொரு திசையில் இருக்கிறது. 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 525 கிலோகலோரி வேண்டும், இது மனக்கணக்கு. மின்கட்டணம் எவ்வளவு என்றால் கலோரி அங்கேயே நின்றுவிடுகிறது. 4.184ஆல் பெருக்கினால் சுமார் 2197 கிலோஜூல். 3600ஆல் வகுத்தால் 0.61 யூனிட். 2 கிலோவாட் ஹீட்டருக்கு, வெப்ப இழப்பைச் சேர்க்காமல், 18 நிமிடம். வெப்பம், மின்சாரம், இயந்திர வேலை மூன்றையும் ஒரே அலகில் எழுத முடிவதால்தான் 1948இல் எடை, அளவுகளுக்கான சர்வதேச மாநாடு வெப்பத்தின் அலகாக ஜூலை ஏற்றது.

எனவே ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளக் கலோரி வகுப்பில் இருக்கட்டும். பதிவு செய்வது ஜூலில் இருக்கட்டும். மாற்றம் கணக்கின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை நடந்தால் போதும். இடையிடையே மாற்றும்போதுதான் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தல் நுழைகிறது. இன்னும் கிலோகலோரியில் எழுதும் வேதியியலார் பலர் தங்கள் கட்டுரையில் ‘1 கலோரி = 4.184 ஜூல்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். பள்ளி நூலின் தன்வெப்ப அட்டவணைக்கு மேலேயும் அந்த ஒரு வரியை அச்சிடலாம்.