பூட்டிய அலமாரியும் பொன்னாடையும்

பள்ளிகளில் சிக்கனம் வேண்டும் என்கின்றனர். வேண்டும்; மறுப்பாரில்லை. ஆனால் எதில் சிக்கனம்? யார் பங்கில் கைவைக்கும் சிக்கனம்? இதைக் கேளாமல் தலையாட்டும் பழக்கம் நமக்கில்லை.

சிக்கனத்தின் பெயரால் இந்நாட்டில் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைச் சிறுவர்க்குப் பகலுணவு வழங்க முன்வந்தது. மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! அந்த ஓரணாவும் தொடக்கக் கல்வி நிதியில் சேராதென வெள்ளை அரசு கணக்குப் பார்த்தது. 1925-இல் உணவு நின்றது. 1953-இல் ஆச்சாரியார் ஆட்சி, இருக்கும் கட்டடமும் இருக்கும் ஆசிரியருமே போதும் என்று கல்வியை அரைநேரமாக்கிற்று. மீதி நேரத்திற்கு அப்பன் தொழிலைக் காட்டிற்று. 1954-இல் காமராசர் அத்திட்டத்தை ஒழித்தார். 1956-இல் பகலுணவும் தந்தார். கருவூலம் கவிழ்ந்துவிடவில்லை, வகுப்பறைதான் நிறைந்தது.

ஆகவே, பிள்ளையின் தட்டிலும் ஏட்டிலும் கைவைப்பது சிக்கனமன்று, சூறையாடல்.

பின் வீண்செலவு எங்கே? ஆண்டுவிழா மேடையைப் பாருங்கள். வந்தவர்க்கெல்லாம் பொன்னாடை, வராதவர்க்கும் வரவேற்புப் பதாகை! மறுநாள் மாலை குப்பைக்கு, பதாகை கூரைக்கு, பொன்னாடை பெட்டிக்கு.

அதே பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்கள் அலமாரிக்குள். நூலகத்தில் நூல்கள் பூட்டுக்குள். ஏன்? உடைந்தால், தொலைந்தால், இருப்புப் பதிவேட்டில் எண் குறையும். தணிக்கையாளர் ஆசிரியரைக் கேட்பார். ஆசிரியரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. குறைந்த எண்ணுக்கு விளக்கம் கேட்கும் விதி, திறவாத பூட்டுக்கு விளக்கம் கேட்பதில்லை. பூட்டியே கிடந்த நூலுக்கு ஆண்டுக்கொருமுறை பொட்டிட்டுப் பூசை மட்டும் நடக்கிறது. அன்றும் அதைப் படிக்கக்கூடாதாம்!

உடைந்த குழாய், உடையுமுன் ஒரு மாணவனுக்கேனும் ஓர் உண்மையைக் காட்டியிருக்கும். உடையாமலே தூசி படிந்த குழாய் எவனுக்கு என்ன காட்டிற்று? நாம் சொல்கிறோம்: தேய்ந்த பொருள் செலவு, தீண்டப்படாத பொருளே வீண். பதிவேட்டில் அது இருப்பு; பிள்ளையின் அறிவில் அது இழப்பு.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். அலமாரியைத் திறக்கக் கேளுங்கள். உடைவதற்கும் தேய்வதற்கும் ஒரு தொகையை ஆண்டுதோறும் ஒதுக்கக் கேளுங்கள். படித்து முடித்த நூல்களைத் திரட்டி அடுத்த வகுப்புப் பிள்ளைக்குக் கொடுங்கள். விழா எடுத்தால், தோளில் போர்த்தும் நூலுக்கு மாற்றாகக் கையில் விரிக்கும் நூலை வழங்குங்கள்.

மேடையில் சுருக்குவோம், வகுப்பறையில் பெருக்குவோம். சிக்கனம் என்று நாம் சொல்வது இதைத்தான்.