திருவிழாவும் தெருவும்: ஃபோல்சம் தெருச் சந்தையை வாசித்தல் குறித்துச் சில எண்ணங்கள்

திருவிழாக்களை ஆராயும் கட்டுரைகளுக்கு நம் துறைசார் இதழ்களில் குறைவில்லை. அவற்றுள் பல, மிகைல் பக்தினின் கார்னிவல் கோட்பாட்டைத் தொடக்கப் பத்தியிலேயே முன்வைத்துவிடுகின்றன. அன்றாட ஒழுங்கு சில நாள் தலைகீழாகிறது, விழா முடிந்ததும் மீண்டும் நிலைபெறுகிறது என்னும் வாய்பாடு நமக்கு மனப்பாடமாகிவிட்டது. ரபலேயைப் பற்றி 1965ஆம் ஆண்டு வெளிவந்த பக்தினின் நூல் இவ்வாய்பாட்டினும் மிக நுட்பமானது. எனினும் நம் கைக்கு வந்து சேர்ந்தது வாய்பாடுதான். அது பொருந்தாத ஒரு விழாவையும், அதனைப் பொருத்திப் பார்க்க முயன்று நாம் தவறிய விதத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

அவ்விழா, சான் பிரான்சிஸ்கோ நகரின் சவுத் ஆஃப் மார்க்கெட் பகுதியில் ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்கள் இறுதி ஞாயிறன்று நடைபெறும் ஃபோல்சம் தெருச் சந்தையாகும். தன்பாலீர்ப்புடைய ஆண்களுள் கருந்தோல் ஆடையைத் தம் அடையாளமாகக் கொண்டோர் அங்குப் பெருந்திரளாகக் கூடுவர். ஆங்கிலத்தில் 'லெதர்' என்ற ஒரே சொல்லால் சுட்டப்படும் இவர்களை 'தோலாடைச் சமூகத்தார்' என இங்குக் குறிக்கிறோம். 'ஓரினச்சேர்க்கையாளர்' என்னும் வழக்குச்சொல்லை நாம் வேண்டுமென்றே தவிர்க்கிறோம். 'சேர்க்கை' செயலொன்றை மட்டுமே சுட்டும். இங்குப் பேசப்படுவதோ மதுக்கூடம், சங்கம், நட்பு, துக்கம் எல்லாம் அடங்கிய ஒரு வாழ்க்கை. மொழியாசிரியர்கள் இவ்வேறுபாட்டைக் கருதிப் பார்ப்பது நலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் தோன்றிய மோட்டார் சைக்கிள் குழுக்களிலிருந்து இச்சமூகம் கிளைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1954இல் தொடங்கப்பெற்ற 'சேட்டர்ஸ்' குழு அவற்றுள் முற்பட்டவற்றுள் ஒன்று.

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில், 2009ஆம் ஆண்டு, சக ஆய்வாளர் ஒருவருடன் நாம் அச்சந்தைக்குச் சென்றோம். கையில் குறிப்பேடும் ஒளிப்படக் கருவியும் இருந்தன. மனத்தில் பக்தின் இருந்தார். போக்குவரத்து நிறுத்தப்பட்ட அகன்ற தெருவில் வெற்று மார்புகளும் தோற்பட்டைகளும் சங்கிலிகளும் கண்ணில் பட்டவுடன், 'இதோ தலைகீழாக்கம்' என எழுதத் தொடங்கினோம். ஒருவரை நோக்கிக் கருவியை உயர்த்தியபோது அவர் கையை முன்னே நீட்டி, 'முதலில் கேட்க வேண்டும்' என்றார். குரலில் சினமில்லை, ஆசிரியர் மாணவனைத் திருத்தும் தொனி. படம் எடுக்காமலே கருவியைப் பைக்குள் வைத்தோம்.

அதன்பின்னரே எம் கண்ணுக்கு மற்றொன்று புலப்படலாயிற்று. அங்கு எல்லாரும் கேட்டுக்கொண்டேயிருந்தனர்: தொடுமுன் கேட்டனர், படம் எடுக்குமுன் கேட்டனர். ஆணையிடுதலும் பணிதலுமாகிய பாலியல் நாடகங்கள் முன்கூட்டிப் பேசிய ஒப்புதலின்மேல் நடந்தன; ஒருவர் நிறுத்துமாறு சொன்னால் மற்றவர் நிறுத்தவேண்டும். 1970களில் பரவிய கைக்குட்டைக் குறியீட்டைச் சிலர் அன்றும் கையாண்டனர். காற்சட்டையின் பின்பையில் செருகிய துணியின் நிறமும், அது இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் பொருள் தரும். இடப்பக்கம் இயக்குபவரையும் வலப்பக்கம் ஏற்பவரையும் சுட்டுமென அறிந்தோம். இலக்கணம் கற்பிப்போர்க்கு இது வியப்பன்று. இடமாற்றத்தால் பொருள் மாறுவது எம்மொழியிலும் உண்டு. ஆயின் ஒழுங்கின் தலைகீழாக்கம் என நாம் எழுதிய இடத்தில் இருந்தது, நாம் அறியாத வேறோர் ஒழுங்கு.

அவ்வொழுங்கும் வாய்பாட்டுக்குள் அடங்கக்கூடியதே எனச் சிலர் வாதிடலாம். அவர்களுக்கு விடையளிப்பது அத்தெருவின் வரலாறு. முதற்சந்தை 1984 செப்டம்பர் 23 அன்று 'மெகாஹுட்' என்ற பெயரில் நடைபெற்றது. அதனை ஒருங்கிணைத்த கேத்லீன் கானல், மைக்கேல் வலேரியோ ஆகிய இருவரும் அப்பகுதிக் குடியிருப்போர்க்காக உழைத்த செயற்பாட்டாளர்கள். நகர மறுமேம்பாட்டுத் திட்டம் விடுதி அறைகளில் வாழ்ந்த முதிய தொழிலாளரையும் சிறுகடைகளையும் அகற்றிக்கொண்டிருந்தது. மாஸ்கோன் மாநாட்டு மையம் 1981இல் திறக்கப்பட்டிருந்தது. பாழடைந்த பகுதியென அதிகாரிகள் பெயரிட்ட இடத்தில் மனிதர் வாழ்கின்றனர் என்று காட்டுவதற்கே தெரு மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், எய்ட்ஸ் பரவலைக் காரணங்காட்டித் தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் குளியலகங்களை மூட நகரச் சுகாதாரத் துறை ஆணையிட்டது. இடமும் உயிரும் ஒருங்கே பறிபோன காலம் அது. விழா முடிந்ததும் அன்றாடம் மீளும் என்பது கார்னிவல் வாய்பாடு. மீள வேண்டிய அன்றாடமே இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் அதற்கு என்ன வேலை?

இவ்வகையில் மானிடவியலாளர் கேய்ல் ரூபினின் ஆய்வுகள் எமக்குப் பெரிதும் உதவின. தோலாடைச் சமூகத்தைப் பற்றி 1994இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1962 முதல் 1997 வரையிலான ஃபோல்சம் பகுதியைக் குறித்து எழுதிய கட்டுரையில், மதுக்கூடங்கள் மறைந்தமைக்கு எய்ட்ஸை மட்டுமே காரணமாக்கும் பொதுக்கதையை மறுக்கிறார். நில மதிப்பின் அழுத்தம் நோய்க்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது அவர் நிறுவும் கருத்து. உடையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்க, அவர் தெருவின் முகவரிகளைப் பின்தொடர்ந்தார். திருவிழா ஆய்வில் நாம் கற்கவேண்டிய முறை இதுவே என்பது எம் துணிபு.

சந்தையைச் சூழ்ந்த விருந்துகளைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. வாரம் முழுவதும் மதுக்கூடங்களில் கூட்டம் நிறையும். முதல்நாள் சனிக்கிழமை இரவு பெரும் நடன விருந்து நிகழும். அவற்றுக்கு நுழைவுச்சீட்டு உண்டு, விலையும் உண்டு; ஆய்வு மாணவரின் உதவித்தொகைக்கு அது எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். தெருவுக்கோ வாயிலில் கேட்கப்படுவது விரும்பிய நன்கொடையே. அது தொண்டமைப்புகளுக்குப் பகிரப்படுகிறது. பணமுடையோர் இரவும் இல்லாதோர் பகலும் வெவ்வேறாயிருந்தன எனலாம். சமத்துவம் நிலவும் விழாவெளி என்னும் கூற்றை இங்கும் ஐயத்துடனேயே அணுகவேண்டும்.

எதிர்த்தோரும் இதே வாய்பாட்டைத்தான் கையாண்டனர் என்பது நோக்கத்தக்கது. 2007ஆம் ஆண்டுச் சந்தையின் சுவரொட்டி டாவின்சியின் இறுதி இராவுணவு ஓவியத்தைப் போலி செய்திருந்தது. கத்தோலிக்க அமைப்பொன்று கண்டித்தது. ஆதரவளித்த பீர் நிறுவனம் தன் சின்னத்தை நீக்கக் கோரியது. புனிதத்தின் தலைகீழாக்கம் என்று ஒரு சாரார் சினந்தனர். அதையே மறுசாரார் புகழ்ந்தனர். எமக்கோ அச்சுவரொட்டி அவ்வளவு ஆழமான படைப்பாகத் தோன்றவில்லை. அதைச் சுற்றிய சொற்போரில் தெருவின் வாடகையைப் பற்றி எவரும் பேசியதாகத் தெரியவில்லை.

வேறொரு படம் இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1964 ஜூன் 26ஆம் நாளிட்ட 'லைஃப்' இதழ், 'டூல் பாக்ஸ்' என்னும் மதுக்கூடத்தின் உட்புறத்தைப் பெரிய ஒளிப்படமாக வெளியிட்டது. சக் ஆர்னெட் தீட்டிய சுவரோவியம் அதில் இருந்தது. கட்டடம் இடிக்கப்பட்ட பின்னரும் அச்சுவர் மட்டும் சிலகாலம் தெருவை நோக்கி நின்றது. ஃபோல்சமுக்கு அண்மையிலுள்ள ரிங்கோல்ட் சந்தில் 2017இல் அமைக்கப்பட்ட நினைவுவெளியில், அவ்வோவியம் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. மறைந்தோரை நினைவூட்டும் வெண்கலக் காலணித் தடங்களும் உள்ளன. அந்நினைவுவெளி அருகில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டத்தோடு இணைந்து உருவானது. மறுமேம்பாடு இடித்ததை மறுமேம்பாடே கல்லில் செதுக்கித் தந்திருக்கிறது. அடுத்த ஆண்டு நகராட்சி அப்பகுதியைத் தோலாடைப் பண்பாட்டு வட்டாரமாகவும் அறிவித்தது. இதனை வெற்றி என்பதா, நடுகல் என்பதா என எம்மால் துணிய இயலவில்லை.

இக்கட்டுரைக்காக 2009ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை மீண்டும் புரட்டினோம். உடை, அணிகலன், நிறம் ஆகியவற்றைப் பற்றி ஏழு பக்கங்கள் இருந்தன. தெருவோர மடக்கு நாற்காலியில் அமர்ந்து, எதிர்வரிசைக் கட்டடங்களை ஒவ்வொன்றாகக் கைகாட்டி, முன்பு அங்கிருந்த மதுக்கூடங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டுவந்த முதியவரைப் பற்றி ஒரே வரி இருந்தது. அவர் சொன்ன பெயர்களுள் ஒன்றையும் நாம் எழுதிக்கொள்ளவில்லை.